ஏழு வரியில் ஆறு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எங்கள் கோயிலுக்கு வருகிற அக்டோபரில் நானூறு வயது. அதைக் கொண்டாடப் பாட்டையும் நானூறு வருடம் பின்னால் தள்ளுவது என்று புதிதாக வந்திருக்கும் ஃபாதர் ஹிலாரி முடிவு செய்திருக்கிறார். முப்பத்து நான்கு வயது. ரோமில் மூன்று வருடம் பழைய காலத்துக் கோயில் இசை படித்துவிட்டு நேராகத் தூத்துக்குடியில் வந்து இறங்கியிருக்கிறார். படித்ததை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். எங்கள் பாடகர் குழுவில் பதினாறு தலைகள் இருக்கின்றன.

பூசை முடிந்ததும் எங்களை நிற்க வைத்துப் பேசினார். அக்டோபர் ஆறு திருவிழாப் பூசைக்கு ஆயர் வருகிறார். அன்று கீபோர்டு கிடையாது, தபேலா கிடையாது, வெறும் குரல்தான். ஐரோப்பாவில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எப்படிப் பாடத் தொடங்கினார்களோ அங்கே தொடங்கி, வாரத்துக்கு ஒரு நூற்றாண்டாக ஏறி வருவோம் என்றார்.

"அப்ப நான் என்ன செய்ய ஃபாதர்?" என்று கேட்டான் வில்பர்ட். இருபது வருடமாகக் கீபோர்டு வாசிப்பவன்.

"நீங்களும் பாடுங்க."

வில்பர்ட் பாடி நான் கேட்டிருக்கிறேன். பங்கு மக்கள் சேர்ந்து அவனுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்ததே அதற்குப் பிறகுதான்.

தனியாகப் பாட யாருக்கு விருப்பம் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சைனஸ் என்று சொன்னேன். ஒன்பது வருடமாக எனக்குச் சைனஸ்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று கிரகோரியன் பாடல். தாளமே கிடையாது. சொல் எங்கே போகிறதோ அங்கே ராகமும் போகும், சொல் நின்றால் அதுவும் நிற்கும். பதினாறு பேரும் ஒரே ஆள் பாடுவதுபோலப் பாட வேண்டும், யார் எங்கே மூச்சு வாங்கினார்கள் என்றுகூடத் தெரியக் கூடாது என்றார் ஃபாதர். எங்கள் குழுவில் யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பது பீச் ரோட்டில் நிற்பவனுக்கும் தெரியும்.

வில்பர்ட்டின் வலது கால் தானாகத் தாளம் போட்டது. ஃபாதர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கால் வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

வரும் வழியில் ஊளி மீன் வாங்கினேன். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அமிலம், காரம் பாடத்தை இன்னும் நடத்தி முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அடுத்த நூற்றாண்டு. ஓர்கனும் என்று பெயர். ஒரு குரல் பாட்டைப் பாடும். இன்னொரு குரல் அதே பாட்டை ஐந்து சுரம் தள்ளி நின்று ஒட்டிக்கொண்டே வரும். அது ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். மனிதர்கள் முதன்முதலாக இரண்டு குரலில் பாடியது இப்படித்தானாம். கேட்க ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் நான் அதை ஃபாதரிடம் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் இமாக்குலேட் என்று ஒருத்தி இருக்கிறாள். இரண்டாவது வரிசை, ஓரம். நானும் அவளும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் இருப்பதை நான் மறுக்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

மொட்டெட். மூன்று குரல், மூன்று வெவ்வேறு பாட்டு, மூன்றும் ஒரே நேரத்தில். ஒருவர் லத்தீனில் மாதாவைப் புகழ்வாராம், இன்னொருவர் பிரெஞ்சில் காதலியைப் புகழ்வாராம், கீழே ஒருவர் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். கேட்பவருக்கு என்ன புரியும் என்று கேட்டேன். "கடவுளுக்குப் புரியும் அக்கா" என்றார் ஃபாதர்.

இதற்கு ரோம் வரை போயிருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. நான் கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றிப் பேசுவேன், என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் நின்றுபோனதைப் பற்றிப் பேசுவார், டிவி அதன்பாட்டுக்குப் பேசும்.

கீழே இழுத்துப் பிடிக்கும் குரலுக்கு டெனர் என்று பெயர். பிடித்து வைத்திருப்பவன் என்று அர்த்தமாம். அந்த வேலை ஆண்களுக்கு. என் வீட்டுக்காரரும் அதில் இருக்கிறார். எவ்வளவு நேரமானாலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது அவருக்கு நன்றாக வருகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு. மாதா பிறந்த நாள்

நல்ல நாளும் அதுவுமாக எனக்கு இப்படி ஒரு சோதனை.

ஃபாதர் ஐந்தாறு சார்ட் பேப்பரை ஒட்டி ஒரு பெரிய புத்தகம் செய்து கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு காகிதம் கிடையாதாம். குழு முழுவதுக்கும் ஒரே புத்தகம், அதை ஒரு தாங்கியில் வைத்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்துப் பாடுவார்களாம். ஜெராக்ஸ் கடை என்று ஒன்று இருப்பதை யாராவது அவருக்குச் சொல்லலாம்.

திருவிழாவுக்காக அவரே அந்தக் காலத்து முறையில் ஒரு மாதா பாட்டு எழுதியிருக்கிறார். ஏழு வரி லத்தீன், தமிழ் எழுத்தில். இது கேனன் என்ற வகை. முதல் குரல் தனியாகத் தொடங்கும். அது ஒரு வரி முடித்து இரண்டாவது வரிக்குப் போகும்போது இரண்டாவது குரல் முதல் வரியிலிருந்து அதே பாட்டைத் தொடங்கிப் பின்னாலேயே வரும். ஒரே பாட்டு தன்மேல் தானே விழுந்து இரண்டு பாட்டாகக் கேட்கும். கீழே ஆண்கள் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு குரலுக்கும் ஒரே எழுத்துதான். இரண்டாவது ஆள் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு மேலே ஒரு சின்னக் குறி மட்டும் போட்டிருக்கிறார்.

"ரெண்டு குரலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் இது நல்லா இருக்கும்" என்றார். "நாலு வாரமா கேட்டுட்டு வர்றேன். இந்தக் குழுவுல ரெண்டு பேரு குரலக் கண்ண மூடிக் கேட்டா யாரு எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. செவரின் அக்கா முன்னால போகட்டும். இமாக்குலேட் அக்கா பின்னால வரட்டும்."

வில்பர்ட், அங்கே இல்லாத கீபோர்டின் மேல் கையை வைக்கப் போனான். பாவம் ஃபாதர், ஊருக்குப் புதிது. ஒருவராவது அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

நான் சைனஸ் என்று வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வரிசையிலிருந்து "சரி ஃபாதர்" என்று கேட்டது. அவள் சரி என்ற பிறகு நான் முடியாது என்றால் என்ன அர்த்தம்? நானும் சரி என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

புத்தகத்துக்கு முன்னால் இருவரும் நின்றோம். நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

"கொஞ்சம் கிட்ட வாங்க அக்கா. எழுத்துத் தெரியாது" என்றார் ஃபாதர்.

"எனக்குத் தெரியுது" என்றேன். தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி கைப்பையில் இருந்தது. அதை எடுத்தால், ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது என்று நாற்பத்து ஒன்பது வயதுக்காரி ஒருத்தி தெரிந்துகொள்வாள். பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது, இனிமேல் எழுத்து எதற்கு?

பயிற்சி முடியும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். என்னிடம் இல்லை, ஃபாதரிடம்.

"முன்னால போறவங்க தப்பாப் பாடிட்டா, பின்னால வாரவ என்ன செய்யணும் ஃபாதர்?"

போறவங்க. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். ரோமில் படித்ததை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "ரெண்டு வழி இருக்கு. நீங்க புத்தகத்துல உள்ளபடி சரியாப் பாடலாம். அப்ப ரெண்டும் கடைசி வரைக்கும் மோதிக்கிட்டே போகும், யாரு தப்புன்னு கோயிலுக்கே தெரிஞ்சுடும். இல்லன்னா அவங்க எப்படிப் பாடினாங்களோ அப்படியே நீங்களும் பாடணும். ஒரு வரி கரகரன்னு கேக்கும். அப்புறம் தானாச் சேந்துடும்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். நான் தப்பு செய்வேன் என்று இப்போதே பந்தல் போடுகிறாள். ஆயர் முன்னால், ஆயிரம் பேர் முன்னால், மறுபடியும் செவரினைக் காப்பாற்றிய இமாக்குலேட் என்று பெயர் வாங்க வேண்டும் அல்லவா?

செப்டம்பர் 19, வியாழன்

காலாண்டு விடைத்தாள் திருத்துகிறேன். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமா, நீரை அமிலத்தில் ஊற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை 'இரண்டையும் ஊற்றாமல் இருப்பது நல்லது' என்று எழுதியிருக்கிறது. முழு மதிப்பெண் போட்டேன்.

எழுதக் கூடாது என்று இருந்ததை எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் அடக்கப் பூசையில் நான் பாடுவதாக இருந்தது. அம்மாவே உயிரோடு இருக்கும்போது கேட்டு வாங்கிய வாக்கு. அவளுக்குப் பிடித்த மாதா பாட்டு, கடைசியில் தனியாக. முதல் வரி பாடினேன். இரண்டாவது வரியில் மூச்சு வாங்க நிறுத்தினேன். மூச்சுதான். கொஞ்சம் நீளமான மூச்சு.

அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து இமாக்குலேட் எடுத்துக்கொண்டாள். சுருதி சுத்தம், சொல் சுத்தம், கடைசி வரி வரை ஒரு பிசிறு இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லவேளை நீ இருந்த" என்றார்கள். என்னிடம் வந்து "பரவாயில்ல" என்றார்கள். பெற்றவளைப் புதைத்துவிட்டு நிற்பவளிடம் சொல்லும் வார்த்தையா பரவாயில்லை?

இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் நான் பாடியிருப்பேன். பாடாமலே நின்றிருந்தாலும் அது எனக்கும் அம்மாவுக்கும் உள்ளது. எனக்குக் கோபம் அவள் பாடியதில் இல்லை. அவ்வளவு நன்றாகப் பாடியதில்தான். அம்மா செத்த அன்று அவளால் எப்படி அவ்வளவு நன்றாகப் பாட முடிந்தது?

அவளுக்கும் அம்மாதானே என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை சொன்னார். அன்றைக்கு அவருக்குத் தோசை மட்டும் கிடைத்தது. சட்னி கிடைக்கவில்லை.

அன்றிலிருந்துதான் சைனஸ்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கரகரப்பு இல்லாமல் ஏழு வரியும் வந்தது. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நான் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவளும் வாங்குகிறாள். ஒரு வரி தள்ளி, அதே இடத்தில், அதே அளவு. இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சின்ன வயதில் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது அருள்நிறை மந்திரத்தில் முன்பாதி நான், பின்பாதி அவள். நான் வேகமாகச் சொன்னால் அவளும் வேகமாகச் சொல்லி முடிப்பாள். அப்பா இரண்டு பேர் தலையிலும் குட்டுவார். ஐம்பத்து மூன்று மணிக்கும் இப்படியே ஓட்டிக்கொண்டு போவோம்.

இதற்கு மேல் எதுவும் இல்லை. கேனன் என்று ரோமில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 27, வெள்ளி

கொடியேற்றம். நல்ல கூட்டம். வீட்டுக்குத் திரும்பினால் மேசையில் ஒரு டப்பா மக்ரூன் இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். கடையில் வாங்கினேன் என்றார் என் வீட்டுக்காரர். கடை மக்ரூன் உச்சி இப்படி வளைந்து இருக்காது. அம்மா சுட்டால்தான் வளையும், அம்மாவிடம் கற்றுக்கொண்டவள் சுட்டால்தான் வளையும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு திருவிழாவுக்கும் அத்தானுக்கு என்று வருகிறது. அவர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இனிப்பு ஆகாது. நான்கு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பயிற்சியில் இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். தூசி.

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். வில்பர்ட் கூரையைப் பார்த்தான். நான் நின்றதும் அவளும் நின்றாள். ஒரு வார்த்தை மேலே பாடவில்லை.

"முதல்ல இருந்து பாப்போம்" என்றார் ஃபாதர். முதலிலிருந்து பாடினோம், வந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இந்த டைரிக்கு வெளியே யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

ஆயர் வருவதால் கோயிலுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். பள்ளியில் தலைமையாசிரியை என்னிடம், "செவரின் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை நீங்கதான் பாடுதீங்களாமே? தைரியமாப் பாடுங்க, எப்படியும் தங்கச்சி பக்கத்துலதான இருக்கா" என்றார். நன்றி சொன்னேன். எனக்கு அவரைப் பிடிக்காது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

அக்டோபர் 6, ஞாயிறு. திருவிழா

கண்ணாடி வீட்டில் மேசை மேலேயே இருந்துவிட்டது.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மக்கள் வரிசையில் வந்து நற்கருணை வாங்கி முடிந்த பிறகு எங்கள் பாட்டு. கோயில் நிறைந்து வாசல் வரை ஆள். சார்ட் பேப்பர் புத்தகத்தை வில்பர்ட்டும் இன்னொருவரும் தூக்கி வந்து தாங்கியில் வைத்தார்கள். நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். நடுவில் வழக்கம்போல ஓர் ஆள் நிற்கும் இடம். ஆண்கள் சுரத்தைப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் பிடித்தார்.

முதல் வரி தனியாகப் பாடினேன். கூட்டத்தின் முன்னால், ஒன்பது வருடத்தில் முதல் தடவை. யாருடைய குரலோபோல இருந்தது. இரண்டாவது வரி தொடங்கும்போது அவள் பின்னால் வந்தாள். இரண்டாவது வரியில் நிற்கவில்லை. மூன்று தாண்டியது. நான்கு தாண்டியது. தாண்டிவிட்டோம் என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது. மனப்பாடம் எல்லாம் எங்கோ போய்விட்டது. புத்தகத்தைப் பார்த்தேன். நான்கும் ஐந்தும் ஆறும் 'ஸாங்க்தா' என்றே தொடங்குகின்றன. நான் நின்ற தூரத்துக்கு மூன்றும் ஒரே கறுப்புக் கோடாகத் தெரிந்தன. சாம்பிராணிப் புகை வேறு கண்ணில். நான் ஐந்தை விட்டு ஆறாவது வரியைப் பாடிவிட்டேன்.

பாதி வரியில் தெரிந்துவிட்டது. அவள் நான்காவதைப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டும் கரகரவென்று உரசின. முன்வரிசையில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது அவள் ஐந்தாவது வரியை எடுப்பாள், சரியாக, சுத்தமாக, புத்தகத்தில் உள்ளபடி. நான் ஏழாவது வரியில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்பேன். பூசை முடிந்ததும் அவள் கையைப் பிடிக்க வரிசை நிற்கும்.

வேறு வழியில்லாமல் ஏழாவது வரியை எடுத்தேன்.

அவள் ஆறாவது வரியை எடுத்தாள்.

ஐந்தாவது வரி புத்தகத்தில் அவள் மூக்குக்கு நேரே இருந்தது. விரல் பருமன் எழுத்து. அவளுக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும். அதைத் தாண்டி, நான் பாடியதையே, நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கிப் பாடினாள். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டன. கீழே சுரம் அசையவில்லை. நான் ஏழாவதை முடித்து நிறுத்தினேன். அவள் ஏழாவதைத் தனியாகப் பாடி முடித்தாள். அவள் குரல் கடைசிச் சொல்லில் ஆடியது. இமாக்குலேட்டின் குரல் ஆடி நான் கேட்டதே இல்லை.

ஆயர் நன்றியுரையில், நானூறு வருடப் பழமை ஒரு எழுத்துக்கூட மாறாமல் நம் காதில் விழுந்தது என்று பாராட்டினார். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஃபாதர் எங்களிடம் வந்தார். "ஏழு வரியில ஆறு வந்துச்சு" என்றார். "கேனன் கெடல. எனக்கு அது போதும்." அதற்குமேல் எதுவும் கேட்காமல் ஆயரின் காரை நோக்கிப் போய்விட்டார். நல்ல பிள்ளை. ரோமில் பாட்டு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை போல.

சப்பரம் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். புத்தகத்தை அங்கே கொண்டுபோய் மூடி வைக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் நின்றோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம்.

அவள்தான் பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சார்ட் பேப்பரைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னைக்கு நீ அழுதியேன்னு சரியாப் பாடிட்டேன். ஒம்பது வருசம் பேசாம இருந்துட்ட. சரி, இன்னைக்கு ஒன்கூடச் சேந்து தப்பாப் பாடிப் பாப்பமேன்னு தோணிச்சுக்கா."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அன்றைக்கு மூச்சு வாங்கவில்லை, அழுதேன் என்று சொல்லியிருக்கலாம். மக்ரூன் நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடம் கழித்து நான் என் தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை இது:

"கடைசி வரில ஒனக்குச் சுருதி எறங்கிட்டுடி."

அவள் சார்ட் பேப்பரை விட்டுவிட்டாள். புத்தகம் முழுவதும் என் காலில் விழுந்தது.

"நான் ஒன் பின்னாலதானக்கா வந்தேன்" என்றாள்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. பாட்டினால் இல்லை. காலையிலிருந்து இமாக்குலேட் இங்கேதான் இருக்கிறாள்.